அஞ்சல் தலைக் கண்காட்சியில் எங்கள் குடும்பம்

நம் கத்தோலிக்க இல்லங்களில் பாட்டிமார் வைத்திருக்கும் பழைய செபப் புத்தகத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே எத்தனை படங்கள்! புது நன்மை வாங்கிய நாளில் கிடைத்த குழந்தை இயேசு படம், யாரோ ஒரு குருவானவரின் முதற் பூசை நினைவுப் படம், வேளாங்கண்ணிக்குச் சென்று திரும்பிய உறவினர் தந்த ஆரோக்கிய மாதா படம், கறுப்புக் கரை போட்ட மரண நினைவு அட்டை என்று ஒரு குடும்பத்தின் வரலாறே அதற்குள் அடங்கியிருக்கும். ஞானோபதேச வகுப்பில் மந்திரம் பிழையின்றி ஒப்பித்தவருக்குப் பரிசாக ஒரு படம் கிடைக்கும். வகுப்பு முடிந்தபின் கோவில் மரத்தடியில் ஓர் அந்தோனியாருக்கு இரண்டு சூசையப்பர் என்று பண்டமாற்று நடக்கும். அந்த மரத்தடியில் நின்றவர்கள்தாம் நாங்களும்.

சேர்ப்பதும் மாற்றிக்கொள்வதும் குழந்தைகளுக்கு இயல்பாகவே வரும். மேல்நாடுகளில் விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சீட்டுகளைச் சேர்ப்போர் பெரிய மண்டபங்களில் குடும்பம் குடும்பமாகக் கூடி அவற்றை மாற்றிக்கொள்கின்றனர். நம் நாட்டில் அதற்கு நிகரான கூட்டம், அதைவிட வயது முதிர்ந்த கூட்டம், அஞ்சல் தலைக் கண்காட்சியே. கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் வாழும் எங்கள் குடும்பம் சில ஆண்டுகளாகத் தவறாமல் சென்றுவரும் இடம் அது. அங்கே எங்களுக்குக் கிட்டிய மகிழ்ச்சியையும், ஒருமுறை நேர்ந்த தலைகுனிவையும் ஒளிக்காமல் எழுத எண்ணுகிறோம்.

உறையிலிருந்து ஏட்டுக்கு

தொடக்கம் மிக எளியது. எங்களுக்கு அறிமுகமான கன்னியர் மடத்துக்கு வெளிநாடுகளிலிருந்து கடிதங்கள் வருவதுண்டு. அவற்றின் உறைகளைக் குப்பையில் எறியாமல் எங்கள் பிள்ளைகளுக்கென எடுத்துவைத்தார் ஓர் அருட்சகோதரி. இத்தாலி, பெல்ஜியம், ஜெர்மனி, சில வேளைகளில் வத்திக்கான். 1929-ஆம் ஆண்டு முதல் வத்திக்கான் தனக்கென அஞ்சல் தலை வெளியிட்டு வருகிறது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. உறையின் மூலையைத் தலையோடு சேர்த்துக் கத்தரித்து, கிண்ணத்து நீரில் ஊறவைத்து, தானாகக் கழன்று மிதக்கும் தலையை இடுக்கியால் எடுத்து, பழைய செய்தித்தாளின்மேல் கவிழ்த்து உலர்த்தும் வேலையில் வீடு முழுவதும் ஈடுபட்டது. மூத்தவன் அப்போது ஆறாம் வகுப்பு. இளையவள் மூன்றாம் வகுப்பு. கிழிந்த தலையையும் எறிய மனம் வராமல் அவள் தன் தீப்பெட்டியில் சேர்த்துவைத்தாள்.

மலையடிவாரத்து ஈரக்காற்று இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரும் பகை. மழைக்காலத்தில் பசை இளகித் தலைகள் ஏட்டோடு ஒட்டிக்கொள்ளும். பழுப்புப் புள்ளி விழும். இராமபாணப் பூச்சி ஓரத்தைத் தின்னும். இரண்டு மழைக்காலங்களில் நாங்கள் இழந்தவை போதும். வெயில் நாளில் ஏடுகளை நிழலில் விரித்துக் காற்றாட வைப்பது இன்று எங்கள் வீட்டில் நெல்லைக் காயவைப்பதுபோல் ஒரு கடமையாகிவிட்டது.

கண்காட்சி என்பது யாது?

காணாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவோம். உலகின் முதல் அஞ்சல் தலையான ‘பென்னி பிளாக்’ 1840-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் வெளிவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் தலை 1947 நவம்பர் 21-இல், தேசியக் கொடியும் ‘ஜெய்ஹிந்த்’ என்ற சொல்லும் தாங்கி, மூன்றரை அணா விலையில் வந்தது. இந்திய அஞ்சல் தலையின் நூற்றாண்டையொட்டி 1954-இல் புதுதில்லியில் ஒரு பன்னாட்டுக் கண்காட்சி நடந்தது. ‘இன்பெக்ஸ்’ என்னும் தேசியக் கண்காட்சி 1970-இல் தொடங்கிற்று. நம் தமிழ்நாட்டு அஞ்சல் வட்டம் நடத்தும் மாநில அளவிலான கண்காட்சிக்குத் ‘தனபெக்ஸ்’ என்று பெயர். இவற்றுக்குக் கீழே மாவட்ட அளவிலும் நடப்பதுண்டு. சென்னையில் 1956 முதல் இயங்கிவரும் தென்னிந்திய அஞ்சல் தலைச் சேகரிப்போர் சங்கம் போன்ற அமைப்புகளும் இப்பணியில் கைகொடுக்கின்றன.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் வரிசை வரிசையாகச் சட்டகங்கள் நிற்கும். ஒரு சட்டகத்தில் வழக்கமாக 16 தாள்கள். ஒவ்வொரு தாளிலும் சேகரிப்பாளர் தம் தலைகளையும் உறைகளையும் ஒழுங்குபடுத்தி, சுருக்கமாகக் குறிப்பெழுதி வைத்திருப்பார். ஒருவர் ஒரே நாட்டின் தலைகளை நுணுகி ஆராய்ந்திருப்பார். இன்னொருவர் ஓர் ஊரின் அஞ்சல் முத்திரைகளை நூறு ஆண்டுகளுக்குத் தொகுத்திருப்பார். மற்றொருவர் பறவை, இரயில், மருத்துவம் என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உலக நாடுகளின் தலைகளைக் கொண்டே அதன் கதையைச் சொல்லியிருப்பார். நடுவர்கள் பூதக்கண்ணாடியுடன் வலம் வந்து மதிப்பெண் இடுவர். வெண்கலம் முதல் தங்கம் வரை பதக்கங்கள் உண்டு. ஒரு பக்கம் வணிகர்களின் கடைகள். ஒரு பக்கம் அஞ்சல் துறையின் முகப்பு. அங்கே அன்று வெளியாகும் சிறப்பு உறைக்கு அன்றைக்கு மட்டுமே இடப்படும் முத்திரையைப் பெறக் கூட்டம் நெருக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பிள்ளைகளை இழுப்பது மூலையில் கிடக்கும் ஓர் மேசை. தம்மிடம் இரட்டையாக உள்ள தலைகளை அங்கே பரப்பி, ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்வர். கோவில் மரத்தடி அந்த மண்டபத்துக்குள்ளும் வந்துவிட்டது என்றே எங்களுக்குத் தோன்றும்.

புறப்பாடு

நாங்கள் செல்வர் அல்லர். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் முன் கணக்கு எழுதுவோம். பேருந்துக் கட்டணம் இவ்வளவு. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் செலவிட நூறு ரூபாய். மதியத்துக்குப் புளிச்சோறும் துவையலும் வீட்டிலிருந்தே. விடியுமுன் எழுந்து, காலைச் செபம் சொல்லி, முதல் பேருந்தைப் பிடித்து நாமகிரிப்பேட்டை வழியாக இராசிபுரம், அங்கிருந்து சேலம். ஞாயிறு அன்று கண்காட்சி விழுந்தால் நகரத்தில் காலைத் திருப்பலி கண்ட பின்னரே மண்டபம். இந்த விதியை நாங்கள் ஒருபோதும் தளர்த்தியதில்லை. பிள்ளைகள் முணுமுணுத்ததுண்டு, மறுத்ததில்லை.

முதல் பயணத்தில் நாங்கள் தேடியது நம் விசுவாசத்தோடு தொடர்புள்ள இந்தியத் தலைகளை. அவை நாம் எண்ணுவதைவிட மிகுதி. 1964 டிசம்பர் 2-ஆம் நாள், திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வருகை தந்ததையொட்டி, புனித தோமையாரின் உருவம் தாங்கிய 15 காசுத் தலை வெளியிடப்பட்டது. அது இத்தாலியின் ஒர்த்தோனா நகரப் பேராலயத்தில் உள்ள சுரூபத்தின் படம். 1973-இல் தோமையார் மறைந்த 19-ஆம் நூற்றாண்டு நினைவாகப் பரங்கிமலைச் சிலுவை பொறித்த 20 காசுத் தலை வந்தது. 1974-இல் புனித சவேரியார். 1980-இல் அன்னை தெரேசா, அதுவும் அவர் உயிரோடிருந்தபோதே. 1987-இல் சாவறா அடிகளார். 1996-இல் சகோதரி அல்போன்சா. அன்னை தெரேசா புனிதராக உயர்த்தப்பட்ட 2016 செப்டம்பர் 4 அன்று இன்னும் ஒரு நினைவு வெளியீடு. இவற்றில் பெரும்பாலானவை வணிகர்களிடம் மலிவாகவே கிடைத்தன. கையில் நூறு ரூபாய் இருந்தால் ஒரு சிறுமி தன் மறைக்கல்வி ஏட்டுக்கு அணிசெய்யப் போதிய தலைகளை வாங்கிவிடலாம். எங்கள் இளையவள் வாங்கினாள். மீதி 15 ரூபாயைத் திருப்பியும் தந்தாள்.

பன்னிரண்டு பெரிய தலைகள்

இனி, எழுதக் கூசும் நிகழ்ச்சி.

சேலத்தில் நடந்த ஒரு சனி, ஞாயிறுக் கண்காட்சி அது. மூத்தவன் அதற்குள் ஒன்பதாம் வகுப்பை எட்டியிருந்தான். விலைப்பட்டியல் நூல்களை மனப்பாடம் செய்யும் அளவுக்குத் தேர்ந்திருந்தான். முதல் நாள் மாலை வீடு திரும்பும் பேருந்தில் அவன் முகத்தில் ஓர் ஒளி. ‘‘அப்பா, இதைப் பாருங்க’’ என்று ஏட்டை விரித்தான். கண்ணாடித்தாள் உறைக்குள் காந்தியடிகளின் உருவம், விலை பத்து ரூபாய், ஆண்டு 1948.

அந்தத் தலையைப் பற்றி அறியாதவருக்கு ஒரு சொல். காந்தியடிகள் மறைந்த அதே ஆண்டு, சுதந்திரத்தின் முதலாம் ஆண்டு நிறைவில், 1948 ஆகஸ்ட் 15 அன்று, நான்கு தலைகள் வெளியாயின. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தில் அச்சிடப்பட்டவை, இந்தியிலும் உருதுவிலும் ‘பாபு’ என்ற சொல் பொறிக்கப்பட்டவை. அந்நாளில் பத்து ரூபாய் என்பது எளியவர் ஒருவர் அஞ்சல் தலைக்குச் செலவிடக்கூடிய தொகையன்று. ஆதலால் அது அரிது; இன்று முத்திரை விழுந்த படியே பல ஆயிரம் ரூபாய் பெறும். போலிகளும் மலிந்துள்ளன. அவன் வைத்திருந்தது போலியன்று என்று அவன் காட்டிய ஒரு வணிகரே கூறியிருந்தாராம். அப்போதே விலை பேசவும் முனைந்தாராம்.

‘‘யாரு கொடுத்தாங்க?’’

‘‘ஒரு சின்னப் பையன். மாத்திக்கிட்டோம்.’’

‘‘நீ என்ன கொடுத்தே?’’

பன்னிரண்டு பெரிய வண்ணத் தலைகள். வளைகுடாப் பகுதியில் அஜ்மான், புஜைரா போன்ற சின்னஞ்சிறு ஆட்சிப் பகுதிகள், 1971-72-இல் ஐக்கிய அரபு நாடாக ஒன்றிணையும் முன்னர், கடிதத்தில் ஒட்டுவதற்கென்றில்லாமல் சேகரிப்போருக்கு விற்பதற்கென்றே கட்டுக்கட்டாக அச்சடித்த தலைகள் அவை. விண்கலம், உதைபந்து, ஓவியம் என்று கண்ணைப் பறிக்கும். சேகரிப்போர் உலகில் அவற்றுக்கு மதிப்பு மிகக் குறைவு. எங்கள் மூத்தவன் அவற்றை ஒரு பொட்டலமாக முப்பது ரூபாய்க்கு வாங்கியிருந்தான்.

அந்தப் பையனுக்கு எட்டு வயதிருக்கும். இறந்துபோன தன் தாத்தாவின் ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். விண்கலப் படங்களைக் கண்டு மயங்கி, ‘‘அண்ணா, இதெல்லாம் எனக்கே எனக்கா?’’ என்று கேட்டானாம்.

வாசகர்களே, நாங்கள் உடனே கொதித்தெழுந்தோம் என்று எழுதினால் அது பொய். முதலில் நாங்கள் பேசவில்லை. பேருந்து இராசிபுரத்தைத் தாண்டிய பிறகும் பேசவில்லை. எங்கள் இருவர் மனத்திலும் ஓடியது ஒரே கணக்கு என்பதை அன்றிரவுதான் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டோம்: ஜூன் மாதம் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், இந்த ஒரு தலை அதைக் கட்டிவிடும். களவு நடக்கவில்லையே, அந்தப் பையன் தானே மனமொப்பித் தந்தான், மாற்று மேசையில் இது வழக்கந்தானே என்றெல்லாம் சமாதானங்கள் வரிசையில் வந்து நின்றன.

அதை உடைத்தவள் இளையவள். அவளுக்கு விலை விவரம் எதுவும் தெரியாது. ‘‘அண்ணா, அந்தப் பையனுக்கு அது என்னன்னு தெரியுமா?’’ என்று மட்டும் கேட்டாள்.

‘‘தெரியாது.’’

‘‘நீ சொன்னியா?’’

அவன் விடை கூறவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். இரவு செபமாலையின்போது அவன் குரல் கேட்கவில்லை.

ஏழாம் கற்பனையை நாங்கள் சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்கள். பிறர் பொருளை வஞ்சகமாய்க் கைக்கொண்டவன் மனம் வருந்தினால் மட்டும் போதாது, பொருளைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவன் என்று எங்கள் உபதேசியார் கற்பித்தது நினைவிருந்தது. விற்பவனும் வாங்குபவனும் பொருளை அறிந்திருந்தால் அது பேரம். ஒருவன் அறிந்து, மற்றவன் அறியாமல், அதுவும் அறியாதவன் எட்டு வயதுக் குழந்தையாய் இருந்தால் அதற்கு வேறு பெயர்தான். இதை மகனிடம் நள்ளிரவில் கூறினோம். எங்கள் மனத்திலே ஓடிய பள்ளிக் கட்டணக் கணக்கையும் அவனிடம் மறைக்கவில்லை. அவனை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது நேர்மையாகப் படவில்லை. அவன் நெடுநேரம் பேசாதிருந்து, ‘‘நாளைக்குப் போலாம்பா’’ என்றான்.

மறுநாள் ஞாயிறு. மீண்டும் அதே முதல் பேருந்து, சேலத்தில் அதே காலைத் திருப்பலி. திட்டமிடாத இரண்டாம் பயணம் ஆதலால் அம்மாதம் வீட்டில் சில சாமான்கள் குறைந்தன. மண்டபத்தில் சிறுவர் வினாடி-வினாவுக்குப் பெயர் கொடுத்தோர் பட்டியலை ஏற்பாட்டாளர் ஒருவர் பொறுமையுடன் புரட்டிப் பார்த்தார். பையனின் பெயர் இருந்தது. பள்ளியின் பெயரும் இருந்தது. ஆனால் அன்று அவன் வருவானா என்பது யாருக்கும் தெரியவில்லை. காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று வரை நாங்கள் அந்த மேசையருகே காத்திருந்தோம். கண்காட்சிக்குச் சென்று எந்தச் சட்டகத்தையும் பாராமல் திரும்பிய நாள் அது ஒன்றுதான்.

மூன்றரை மணிக்குத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வந்தான். மூத்தவன் தானே எழுந்து சென்று, எங்களைத் திரும்பிப் பாராமல், தலையை அந்த அம்மையாரிடம் நீட்டினான். அதன் மதிப்பையும் தான் செய்ததையும் கூறினான். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ‘‘மாமனாரோட ஏடுங்க. பழைய பேப்பர் கடைக்குப் போட வச்சிருந்தோம். இவன்தான் அழுது பிடுங்கிக்கிட்டான்’’ என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. கணவரின் வேலை பற்றியும் வீட்டு நிலை பற்றியும் அவர் எங்கள் வீட்டுக்காரியிடம், ‘‘அக்கா’’ என்று அழைத்துச் சொன்னவற்றை இங்கே எழுதுவது முறையன்று. அந்தத் தலை எங்களைவிட அவர்களுக்கு வேண்டியதாயிருந்தது என்று மட்டும் கூறலாம்.

சிறுவனுக்கோ வேறு கவலை. விண்கலப் படங்களை எடுத்துக்கொண்டு விடுவார்களோ என்று ஏட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ‘‘அது உனக்குத்தான்டா’’ என்று மூத்தவன் சொன்ன பிறகுதான் சிரித்தான்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. மாற்று மேசையில் எவரோடு எதை மாற்றினாலும், மாற்றும் முன் இரண்டு தலைகளைப் பற்றியும் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும். இதனால் சில நல்ல தலைகள் கைநழுவிப் போயின என்பது உண்மை. மூத்தவன் அதைப்பற்றி அவ்வப்போது குறைபட்டுக்கொள்வதும் உண்மை.

கொல்லிமலை முத்திரை

இளையவளின் கதை வேறு. எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவள் ஒரு சட்டகம் தயாரிக்க விரும்பினாள். பூக்கள், பட்டாம்பூச்சிகள் என்று பலரும் வைப்பதை விட்டு அவள் எடுத்துக்கொண்ட பொருள் தொழுநோய். எங்களுக்கு முதலில் திகைப்பு. ஆனால் அவள் காரணம் வைத்திருந்தாள்.

தொழுநோயாளர் தீவான மொலோக்காயில் பணிசெய்து, அந்நோய்க்கே ஆளாகி 1889-இல் மரித்த தமியான் அடிகளார் பிறந்தது 1840-இல். முதல் அஞ்சல் தலை பிறந்த அதே ஆண்டு. அடிகளார் மொலோக்காயில் கால்வைத்தது 1873-இல். தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்ததும் அதே 1873-இல். கண்டுபிடிப்பின் நூற்றாண்டான 1973-இல் இந்தியா ஹேன்சனுக்குத் தலை வெளியிட்டது. அடிகளாருக்கு அவர் தாய்நாடான பெல்ஜியம் 1946-இலேயே தலைகள் வெளியிட்டுள்ளது. திருச்சபை அவரை 2009-இல் புனிதராக உயர்த்திற்று. 1964-இல் பம்பாய் வந்த திருத்தந்தை தாம் பயன்படுத்திய வெண்ணிற மகிழுந்தை அன்னை தெரேசாவுக்கு அளித்துச் செல்ல, அன்னை அதைப் பரிசுச்சீட்டின் வழியே விற்றுத் தொழுநோயாளருக்கான சாந்தி நகர் அமைப்பதற்குப் பணம் திரட்டினார். ஆக, தோமையாரின் 15 காசுத் தலைக்கும் அந்த வரிசையில் இடம் கிடைத்தது. உலகத் தொழுநோய் நாளை 1954-இல் தொடங்கிவைத்த பிரெஞ்சுக் கத்தோலிக்கர் இரவுல் ஃபொலெரோவுக்கும் ஒரு தாள்.

கடைசித் தாளுக்கு எங்கள் மலை. கைவிரல்களையும் கால்விரல்களையும் தொழுநோய் நேரடியாக அழுகச் செய்வதில்லை. வலியுணர்வு அற்றுப்போவதால் நோயாளர் அறியாமலே தம்மைக் காயப்படுத்திக்கொள்கின்றனர் என்று உலகுக்கு உணர்த்திய மருத்துவர் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தது கொல்லிமலையில். அவர் பெற்றோர் நம் பிரிந்த சகோதர சபையைச் சார்ந்த மறைப்பணியாளர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். மகன் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, மடங்கிப்போன கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திக் காட்டினார். எங்களிடம் அவர் உருவம் பொறித்த தலை எதுவும் இல்லை. எனவே இளையவள் ஓர் உபாயம் செய்தாள். ஹேன்சன் தலையை ஓர் உறையில் ஒட்டி, அதனோடு இன்றைய கட்டணத்துக்கு வேண்டிய தலைகளையும் சேர்த்து, மலைமேல் ஏறிச்சென்று, அங்குள்ள அஞ்சலகத்தில் தனக்குத்தானே கடிதம் போட்டாள். முத்திரை தெளிவாக விழ வேண்டுமே என்று அஞ்சலக ஊழியரிடம் அவள் கெஞ்ச, அவர் மையைப் புதிதாக ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தித் தந்தார். நான்கு நாள் கழித்து உறை எங்கள் ஊருக்கு வந்தது. மலையிலிருந்து அடிவாரத்துக்கு நான்கு நாள்!

சென்னைக்கு இரயிலில் நால்வரும் சென்றோம். பதினாறு தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுவதும் அவள் உறங்கவில்லை. முடிவில் கிடைத்தது வெண்கலம். அவள் முகம் வாடிற்று. நடுவர்களில் ஒருவர், வயதில் பெரியவர், சட்டகத்தின் முன் அவளை நிறுத்திப் பத்து நிமிடம் விளக்கினார். எழுத்து மிகுதி, தலைகள் குறைவு; கதையைத் தலைகளும் முத்திரைகளும் சொல்ல வேண்டும், எழுதுகோல் அன்று. இவ்வகைப் பிரிவில் பெரியவர்களுக்கு 100 மதிப்பெண்ணில் அழகாக அமைப்பதற்கு வெறும் 5 மட்டுமே என்றும் அறிந்தோம். இரண்டு மாதம் பூவேலைக் கரை போட்டதற்காக நாங்கள் சிரித்துக்கொண்டோம். கடைசித் தாளின் கொல்லிமலை உறையை மட்டும் அவர் இரண்டு முறை பார்த்தார். ‘‘இதை வேறு யாரும் வைக்க முடியாது, அம்மா’’ என்றார்.

தொடங்க விரும்புவோருக்கு

சில குறிப்புகள். அஞ்சலகத்தில் குறைந்தது 200 ரூபாய் செலுத்தி அஞ்சல் தலைச் சேமிப்புக் கணக்கு தொடங்கினால் புதிய வெளியீடுகள் வீடு தேடி வரும். 2017-இல் தொடங்கப்பட்ட ‘தீன தயாள் ஸ்பர்ஷ்’ என்னும் உதவித்தொகைத் திட்டத்தின்கீழ், 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவருள் நாடு முழுவதும் 920 பேருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கப்படுகிறது. படிப்பிலும் தேர்ச்சி வேண்டும்; எழுத்துத் தேர்வும், அஞ்சல் தலை பற்றிய ஒரு செயல்திட்டமும் உண்டு. பள்ளியில் அஞ்சல் தலை மன்றம் இருக்க வேண்டும், அல்லது மாணவர் பெயரில் மேற்சொன்ன கணக்கு இருக்க வேண்டும். நம் மறைமாவட்டப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் இதைக் கவனிப்பார்களாக.

முதலீடு என்று எண்ணி இதில் இறங்க வேண்டாம். இன்று வெளியாகும் தலைகளில் பெரும்பாலானவை இருபது ஆண்டுக்குப் பின்னும் ஏறக்குறைய அதே விலைக்குத்தான் போகும். பெரிய விலைக்கு எதையும் சான்றின்றி வாங்க வேண்டாம். பிள்ளைகளைத் தனியே மாற்று மேசையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கச் செல்லவும் வேண்டாம். அதை நாங்கள் செய்து பார்த்தவர்கள்.

உறைகள் கிடைப்பதுதான் இப்போது அரிதாகி வருகிறது. பதிவு அஞ்சல் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. வரும் உறைகளில் தலைக்குப் பதிலாகக் கோடுகள் அச்சிட்ட தாளே ஒட்டியிருக்கிறது. கன்னியர் மடத்துக்கும் வெளிநாட்டுச் செய்தி கைப்பேசியிலேயே வருகிறது. ஆகையால் நாங்கள் கடிதம் எழுதும் நண்பர்களைத் தேடிக்கொண்டோம். அவர்களுள் ஒருவன் சேலத்துச் சிறுவன். அவனுக்கு இப்போது வயது பன்னிரண்டு. தாத்தாவின் ஏட்டிலிருந்த அந்தப் பத்து ரூபாய்த் தலையை அவன் தாய் விற்கவில்லையாம். அவன் பெயரில் வங்கிப் பெட்டகத்தில் வைக்க இயலாததால் அலமாரியில் பூட்டியிருக்கிறார்களாம். சென்ற மாதம் அவனிடமிருந்து மூத்தவனுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே அஜ்மான் விண்கலத் தலைகள் மூன்று. தன்னிடம் இரட்டையாக இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் பத்துக் காசுகூட விலை பெறாது என்பதைத் தான் அறிந்திருப்பதாகவும், மாற்றாக எதுவும் அனுப்ப வேண்டாம் என்றும் எழுதியிருந்தான்.